ஆடி நாலாம் வெள்ளி

எங்கள் வேலையில் முதல் விதி இது: ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்பது அவள் மாமியாருக்கு முன்னால், சில சமயம் புருஷனுக்கே முன்னால், சீட்டு எழுதுகிறவளுக்குத் தெரிந்துவிடும்; தெரிந்தும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். என் முகம் அதற்கு ஒத்துவராத முகம். நினைத்தது அப்படியே முகத்தில் வந்து நிற்கும்.

கிளினிக்கிலோ ஆஸ்பத்திரியிலோ மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து "பேரு, வயசு, ஊரு" என்று கேட்டுக் கேட்டுத் தொண்டை வற்றியவர்கள் இதைப் படித்தால் தலையாட்டுவார்கள். மற்றவர்கள், அடுத்த தடவை சீட்டு எழுதுகிறவளைத் திட்டுவதற்கு முன்னால், அவள் எழுதினதை ஒரு தரம் சரி பார்த்துக்கொள்ளுங்கள். ஏன் என்று கடைசியில் தெரியும்.

தேடப் போனது ஒன்று

டென்த்தில் எனக்குக் கணக்கு போயிற்று. மறுபடி எழுது என்றார் நைனா. எழுதினேன், மறுபடி போயிற்று. மூன்றாம் தடவைக்கு நானே வேண்டாம் என்றேன். அந்தச் சமயத்தில்தான் என் அக்கா கஸ்தூரிக்கு இரண்டாவது தடவையாக மூணாம் மாசத்தில் கலைந்தது. அவளைக் கட்டிக்கொடுத்தது பாலசமுத்திரம் பக்கம். நாலு மாசம் முடியாமல் வெளியில் சொல்லக்கூடாது, திருஷ்டி என்று இரண்டு தடவையும் வீட்டிலேயே வைத்திருந்தார்கள். சொல்லாததால் யாரும் பார்க்கவும் இல்லை. மாமா, அதாவது அக்கா புருஷன், அதற்கப்புறம் குவைத்துக்கு டிரைவர் வேலைக்குப் போய்விட்டார். கிளம்பும்போது என்னிடம் சொன்னார்: "மல்லி, நான் திரும்பி வர்றதுக்குள்ள ஒரு நல்ல மருத்துவச்சியா பாத்து வெய்யி. அடுத்த வாட்டி மொதல் வாரமே கூட்டிக்கினு போயிடணும். அதுவும் போச்சுன்னா உங்க அக்கா தாங்க மாட்டா." கணக்கைத் தவிர வேறு ஒரு வேலையை ஒருவர் என்னை நம்பிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி ஆந்திராவில் இருக்கிற எங்கள் புத்தூர் முழுக்க அலைந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டு அறை வைத்துப் பிரசவம் பார்க்கிற ரமணம்மா என்கிற ரிட்டையர்டு நர்ஸைப் பற்றி மூன்று பேர் நல்லதாகச் சொன்னார்கள். போனேன். தெலுங்குக்காரம்மா. தமிழும் கலந்து பேசுவாங்க. எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. "உங்க கையில எத்தினி செத்துச்சி?" என்று கேட்டேன். திண்டாடிப் போவாங்க என்று நினைத்தேன். அந்தம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக ஊர்ப் பேரோடு சொன்னாங்க. சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆச்சு. அப்புறம் வாசலில் உட்கார்ந்திருந்த தமிழ்ப் பெண்களைக் காட்டி, இவர்கள் வேகமாகப் பேசினால் பாதி புரியவில்லை, உனக்குத் தெலுங்கு எழுத வருமா என்று கேட்டாங்க. வரும் என்றேன். "இத்தனை வருஷத்துல எத்தனை செத்துச்சின்னு யாரும் என்னைக் கேக்கல. நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடு."

பார்க்க வந்தவர்கள்

மருத்துவச்சியை முடிவு பண்ணுவது சாதாரணக் காரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நகரிப் பக்கத்தில் இருந்து ஒரு குடும்பம் வந்தது. பிள்ளைத்தாய்ச்சி வரவில்லை. அவள் மாமியார், பெரியம்மா, நாத்தனார் மூன்று பேர். தட்டில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு பழம். எல்லாரும் சிஸ்டரம்மா என்று கூப்பிடுகிற ரமணம்மாவைப் பெஞ்சில் உட்காரவைத்து எதிரில் வரிசையாக உட்கார்ந்தார்கள். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், அவர்கள் என்ன பண்ணுகிறார்கள், கோபம் வருமா, கறி துன்னுவாங்களா, எல்லாம் கேட்டார்கள். உள்ளே ஒருத்தி வலி எடுத்துக் கத்திக்கொண்டிருக்கிறாள். சிஸ்டரம்மா இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு, மறுபடி வந்து பதில் சொன்னாங்க. எனக்குத்தான் ஆத்திரம்.

கடைசியில் பெரியம்மா எழுந்து வந்து சிஸ்டரம்மாவின் வலது கையைப் பிடித்து, விரலை நீட்டிப் பார்த்து, தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு மற்ற இரண்டு பேரையும் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினாள். "கை சின்னதா இருக்குது, சூடாவும் இருக்குது. எங்களுக்குப் புடிச்சிருக்கு. வூட்டுக்குப் போயி கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புறோம்."

கட்டு

புத்தூர் என்றால் எலும்புக் கட்டு. எந்த ஊரில் யார் விழுந்து எது உடைந்தாலும் இங்கேதான் பஸ் ஏறுவார்கள். முதல் மூணு மாசத்தை மறைக்கிற பெண்களுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் நாலு பேர் கையில் துணி சுற்றிக்கொண்டு வந்தார்கள். ஒருத்திக்கும் அடி இல்லை.

அதில் ஒருத்தி வலது கையில் பெரிய கட்டாகவே போட்டிருந்தாள், மூங்கில் பட்டையெல்லாம் வைத்து. சீட்டில் கையெழுத்துப் போடச் சொன்னேன். கட்டை அவிழ்க்காமல் இடது கையால் கோணல் மாணலாகக் கிறுக்கினாள். இங்கே யார் பார்க்கப் போகிறார்கள், அவிழ்த்துவிட்டுப் போடு என்று எரிந்து விழுந்தேன். அவள் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "அவுத்தா மறுபடி இந்த மாதிரி கட்டத் தெரியாதுக்கா. அசல் கட்டுக்காருகிட்டயே போயி கட்டிக்கினு வந்தேன்."

கம்பெனி வண்டி

எல்லைக்கு அந்தப் பக்கம் கம்பெனிகள் வந்தபிறகு எங்கள் வாசல் காலை ஆறு மணிக்கே திறக்க வேண்டியதாயிற்று. ஷூ தைக்கிற கம்பெனிக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொள்ளும் வண்டி ஆறரைக்கு பஸ் ஸ்டாண்டில் நிற்கும். அதற்குள் ரத்தம் கொடுத்து, ஊசி போட்டுக்கொண்டு, ஓட வேண்டும். என் அக்கா மாதிரி வீட்டில் மறைக்கிறவர்கள் ஒரு ரகம். இவர்கள் வீட்டில் சொல்லிவிடுவார்கள், கம்பெனியில்தான் மறைப்பார்கள். தெரிந்தால் நின்று செய்கிற வேலையில் இருந்து எடுத்துவிடுவார்கள், அப்புறம் வராதே என்பார்கள்.

அப்படி ஒருத்தி, பத்தொன்பது வயசு, வாந்தி எடுத்துக்கொண்டே பேர் சொன்னாள். வண்டியில் வாந்தி வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். பையில் இருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக் காட்டினாள். சிஸ்டரம்மா மூணு மாசம் வரை கனம் தூக்கக்கூடாது, அதிக நேரம் நிற்கக்கூடாது என்று அடுக்கிக்கொண்டே போனாங்க. எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வெளியே ஹார்ன் சத்தம் கேட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "சூப்பர்வைசருக்குத் தெரியற வரைக்கும் என் வயித்துக்கே தெரியக்கூடாதுக்கா, அப்படி ஒரு மருந்து இருந்தா சொல்லு."

காது

கிளினிக்கில் ஒரு ஃபோன் உண்டு. வெள்ளிக்கிழமை என்றால் குவைத்தில் லீவு, அதனால் மத்தியானம் முழுக்க அங்கே இருந்தே மணி அடிக்கும். சத்தியவேட்டுப் பக்கத்து ஆள் ஒருவர், பொண்டாட்டிக்குச் செக்கப் நாள் என்று தெரிந்துகொண்டு சரியாக அந்த நேரத்துக்குக் கூப்பிட்டார். ஃபோனை அவள் வயிற்றில் வைக்கச் சொன்னார். எனக்குப் பின்னால் பன்னிரண்டு பேர் காத்திருக்கிறார்கள். "அண்ணே, இது பத்தாவது வாரம். அதுக்கு இன்னும் காது வரல" என்றேன்.

அவர் சொன்னார்: "காது வராட்டி போவுதும்மா. அந்தச் சாக்குல அவ கேக்கட்டும்."

தேதி என்கிற தலைவலி

கடைசியாகத் தலைக்குக் குளித்தது, அதாவது தூரமானது, எப்போது என்று கேட்டால் தேதி சொல்கிற பெண்ணை இந்த ஒன்றரை வருஷத்தில் விரல் விட்டு எண்ணலாம். பக்கத்து வீட்டு எருமை கன்று போட்ட மூணாம் நாள் என்பாள் ஒருத்தி. மச்சாண்டார் மகளுக்குக் காது குத்தின மறுநாள் என்பாள் இன்னொருத்தி. இதில் எருமை எப்போது கன்று போட்டது என்று வேறு விசாரிக்க வேண்டும். நல்லவேளையாக நிறையப் பேர் தமிழ் மாசமும் நாளும் சொல்லுவார்கள். சித்திரை முதல் செவ்வாய், வைகாசி மூணாம் ஞாயிறு, இப்படி. எங்கள் சுவரில் தொங்குவது தெலுங்குக் காலண்டர். ஏழாம் வகுப்பில் மனப்பாடம் பண்ணினது எனக்கு நன்றாக நினைவிருந்தது: சித்திரைக்குச் சைத்ரம், வைகாசிக்கு வைசாகம், ஆடிக்கு ஆஷாடம். தமிழ் மாசம் சொன்னதும் தெலுங்கு மாசத்தைத் தேடி, கிழமையை எண்ணி, அதற்கு நேராக இருக்கிற இங்கிலீஷ் தேதியைச் சீட்டில் எழுதிவிடுவேன். ஒரு நிமிஷ வேலை. சிஸ்டரம்மா அந்தத் தேதியை வைத்துத்தான் வாரம் எண்ணுவாங்க, பிரசவ நாளையும் குறிப்பாங்க. நான் இவ்வளவு வேகமாக எழுதுகிறேன் என்று அந்தம்மாவுக்குப் பெருமை. எனக்கும்தான்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் அந்தம்மாவுக்குப் புரியவில்லை. தெலுங்குப் பெண்கள் குறித்த நாளுக்கு நாலு நாள் முன்பின் பெற்றுவிடுவார்கள். தமிழ்ப் பெண்கள் நாள் தாண்டி ஒரு வாரம், இரண்டு வாரம், சிலர் அதற்கும் மேலே இழுப்பார்கள். பிள்ளைகள் எல்லாம் நன்றாகத்தான் பிறந்தன. தமிழை அரவம் என்பார்கள் தெலுங்குக்காரர்கள். ஒரு நாள் சோப்பு போட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னாங்க: "உங்க அரவப் புள்ளைங்க ரொம்ப சோம்பேறிங்கம்மா. ஒண்ணாவது சொன்ன தேதிக்கு வருதா பாரு."

அக்காவின் சீட்டு

மாமா ஒன்றரை மாச லீவில் ஊருக்கு வந்தார். அவர் வந்து ஒரு மாசம் இருக்கும். ஒரு வியாழக்கிழமை காலையில் அக்கா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். கையில் கட்டு இல்லை. சும்மா சிரித்தாள். சோதனை பண்ணினோம், இருந்தது. சிஸ்டரம்மா அவள் தலையில் கை வைத்தாங்க. இரண்டு போனவள், அதனால் உள்ளே கை விட்டெல்லாம் பார்க்க வேண்டாம் என்றாங்க.

சீட்டை எடுத்தேன். எப்போது தலைக்குக் குளித்தாய் என்று கேட்டேன். "ஆடி நாலாம் வெள்ளிடி. அன்னிக்குத்தான் எங்க ஊர்ல கூழ் ஊத்துனாங்க, அத்தை என்னை..." என்று ஆரம்பித்தாள். அவளுக்குப் பின்னால் வரிசை வாசல் வரை நின்றது. "கூழ் கதையெல்லாம் வூட்ல சொல்லு. நாலாம் வெள்ளி, அவ்ளோதான?" என்று வெட்டினேன். சுவரில் ஆஷாடம் நாலாவது வெள்ளி. தேதி எழுதினேன். சிஸ்டரம்மா வாரத்தை எண்ணிவிட்டுப் புருவத்தைத் தூக்கினாங்க. ஒன்பது வாரம் ஆகப் போகிறது, போன இரண்டும் போனது இந்தச் சமயத்தில்தான், நாளை மறுநாளே திருப்பதியில் ஸ்கேன் எடுத்துத் துடிப்பைப் பார்த்துவிடலாம் என்றாங்க. அக்கா படி இறங்கும்போது என் காதில் சொன்னாள்: "இந்த வாட்டி மறைக்கலடி. அத்தைகிட்டயே நேத்து சொல்லிட்டேன்."

திருப்பதியில்

ஸ்கேன் அறையில் டிவியில் படம் வராதபோது தெரிகிற மாதிரி சாம்பல் புள்ளிகள். நடுவில் ஒரு கறுப்பு வட்டம். டாக்டரம்மா ரொம்ப நேரம் கருவியை நகர்த்திக்கொண்டே இருந்தாங்க. அக்கா திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தைப் பற்றித்தான் முதலிலேயே சொன்னேனே.

பை இருக்கிறது, பைக்குள் ஒன்றும் இல்லை, ஒன்பது வாரத்துக்கு இது சரியில்லை என்றாங்க. இரைந்து பேசவில்லை, அன்பாகத்தான் சொன்னாங்க. திங்கட்கிழமை வெறும் வயிற்றோடு வந்தால் சுத்தம் பண்ணிவிடலாம், தானாகப் போகவிட்டால் ரத்தப்போக்கு அதிகமாகும் என்றாங்க. சொல்லிவிட்டு, சீட்டை ஒரு தடவை வாங்கிப் பார்த்து, இந்தத் தேதி சரிதானே என்று கேட்டாங்க. நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "கரெக்ட்தான் மேடம், நான்தான் எழுதினேன்" என்றேன். என்னைத் தேற்ற நினைத்தோ என்னவோ, சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னாங்க: "கையெழுத்து முத்து மாதிரி இருக்குதும்மா."

மிச்சம் மூணு

அக்காவை ஊரில் விடப் போனேன். மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தை நானே சொன்னேன். மாமா தட்டைத் தள்ளிவைத்தார். அக்காவின் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், கதவு நிலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எத்தனை வாரம் என்று கேட்டார். ஒன்பது என்றேன். விரல் கணுவில் கட்டை விரலை வைத்து எண்ண ஆரம்பித்தார். இரண்டு தடவை எண்ணினார். "ஒன்பது வாரம்னா ரெண்டு மாசத்துக்கு மேல. எம்புள்ள ஏரோப்ளேன்ல வந்து எறங்கி ஒரு மாசம்தான ஆவுது?"

நான் தொழில்காரி அல்லவா, விளக்கம் சொன்னேன்: டாக்டர்கள் குளித்த நாளில் இருந்து எண்ணுவார்கள், ஒன்றும் இல்லாத இரண்டு வாரத்தையும் சேர்த்துக்கொள்வார்கள். அத்தை விடவில்லை. "சரி, ஒரு மாசம் நாலு, அதோட ரெண்டு, ஆறு. மிச்சம் மூணு எங்க இருந்து வந்துச்சி?" மாமா, "ம்மா, சும்மா இரு" என்றார். அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அவள் அத்தைக்கு நேராகப் போய் உட்கார்ந்தாள். "அத்த, கூழ் ஊத்துன அன்னிக்கு நான் தூரமா இல்லையா? பின்னால தட்டியாண்ட உக்காந்துக்கினு இருந்தேன். கோயில் பக்கம் வராதன்னு சொன்னதும் நீங்க, சொம்ப தள்ளி வெச்சதும் நீங்க. அது கழிஞ்சி அஞ்சாம் நாள்தான உங்க புள்ள வந்தாரு?" அத்தை யோசித்தார். ஆமாம், அது நிஜம்தான் என்றார். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

கதவுக்குப் பின்னால் திருத்தணிக் கடையில் கொடுத்த தமிழ்க் காலண்டர் தொங்கியது. இறக்கினேன். ஆடி நாலாம் வெள்ளிக்கு நேராக இருந்த இங்கிலீஷ் தேதியைப் பார்த்தேன். சீட்டைப் பார்த்தேன். நடுவில் முழுசாக நாலு வாரம். ஆடி பிறந்து நாலைந்து நாளிலேயே தெலுங்குக்காரர்களுக்கு ஆஷாடம் முடிந்திருக்கிறது. அவர்கள் அமாவாசைக்கு அமாவாசை மாசம் வைக்கிறார்கள், நாம் அப்படி வைப்பதில்லை. உகாதி ஒரு நாள், தமிழ் வருஷப் பிறப்பு வேறொரு நாள். இரண்டுக்கும் வருஷா வருஷம் வடை துன்றவள் நான், இது ஏன் இரண்டு தடவை வருகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. "ஒன்பது இல்ல மாமா, அஞ்சு வாரம். அஞ்சுல பை மட்டும்தான் தெரியும். நான்தான் தப்பா எழுதிட்டேன்" என்றேன். அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏ பொண்ணு, நீ இன்னா பாடத்துல ஃபெயிலான?"

ஒரு கத்தை சீட்டு

மறுநாள் ஞாயிறு. விடிந்ததும் சிஸ்டரம்மா வீட்டு வாசலில் நின்றேன். உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன், கூழ் கதையை வெட்டினதையும் விடாமல். அந்தம்மா கிளினிக்கைத் திறந்து, தமிழ்ப் பெண்கள் சீட்டு எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னாங்க. மேசையில் ஒரு கத்தை. மாமா வீட்டுக் காலண்டரை நடுவில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருத்தினோம். ஒன்றில் ஒரு வாரம், ஒன்றில் மூணு வாரம். நாள் தாண்டிப்போச்சு என்று ஒருத்தியை வலி வரவைக்கத் திருப்பதிக்கு அனுப்ப இருந்தோம். அன்றைக்கு பஸ் ஓடாததால் தப்பித்தாள். நான்கு நாள் கழித்துத் தானாகவே வலி வந்து பெற்றாள். அந்தச் சீட்டைக் கையில் எடுத்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

திங்கட்கிழமை எங்கேயும் போக வேண்டாம், ரத்தம் கண்டாலோ வலி வந்தாலோ உடனே ஓடி வரணும், இல்லாவிட்டால் மூணு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் என்றாங்க. டாக்டரம்மாவுக்கு அவங்களே ஃபோன் பண்ணிச் சொன்னாங்க. மூணு வாரம் கழித்துத் துடிப்பு இருக்குமா என்று கேட்டேன். தெரியாது என்றாங்க. அந்தம்மா பொய் சொல்ல மாட்டாங்க, அதனால்தான் தேடிப் பிடித்தேன். வேலையை விட்டு நிறுத்துவாங்க என்று காத்திருந்தேன். கடைசிச் சீட்டைத் திருத்தி முடித்து, பேனாவை மூடிக்கொண்டு சொன்னாங்க: "அப்போ சோம்பேறி அந்தப் புள்ளைங்க இல்ல, நீதான். நாளைக்கு வரும்போது ஒரு தமிழ் காலண்டர் வாங்கினு வா."

சாட்சி

அந்த மூணு வாரத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா நன்றாகத் தின்றாள், அத்தை அவளை அடுப்புப் பக்கமே விடவில்லை. மாமாவுக்கு லீவு முடிந்துவிட்டது. ஸ்கேனுக்கு இரண்டு நாள் முன்னால் கிளம்ப வேண்டியதாயிற்று. ஏர்போர்ட்டுக்கு வண்டி ஏறும்போது என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே பெரிய பாரமாக இருந்தது.

இந்தத் தடவை அத்தையும் கூட வந்தார். நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. அதே அறை, அதே சாம்பல் புள்ளி. கறுப்பு வட்டம் பெரிசாகியிருந்தது. அதற்குள்ளே அவரைக்கொட்டை அளவுக்கு ஒன்று. அதன் நடுவில் ஏதோ படபடவென்று அடித்துக்கொண்டது, மின்மினி மாதிரி. அக்கா இப்போதும் என் முகத்தைத்தான் பார்த்தாள். பார்த்துவிட்டு, தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓவென்று அழுதாள். டாக்டரம்மா அளந்து பார்த்து எட்டு வாரம், தேதியோடு சரியாக இருக்கிறது என்றாங்க. பிறகு சீட்டில் அடித்துத் திருத்தியிருந்த இடத்தைக் காட்டி, இந்தத் தேதியை யார் சொன்னது என்று என்னைப் பார்த்துக் கேட்டாங்க. நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அத்தை முன்னே வந்து நின்றார். "நான் சொன்ன தேதி. கூழ் ஊத்துன அண்டா எங்க வூட்டுது, அன்னிக்கு இவளுக்குச் சொம்ப தள்ளி வெச்சவளும் நான்தான். வேணும்னா கைநாட்டு வெக்கிறேன், சீட்ட குடு."

டாக்டரம்மா சிரித்துவிட்டாங்க. அத்தை சிரிக்கவில்லை. கைநாட்டு வைக்காமல் அந்த அறையை விட்டு வரவும் இல்லை. சீட்டின் ஓரத்தில் அந்த நீல மை ரேகை இன்னும் இருக்கிறது. அன்றைக்குச் சாயங்காலம் கிளினிக்கில் மணி அடித்தது, மாமாதான். துடிக்குது மாமா என்றேன். மறுபடி சொல்லு, மறுபடி சொல்லு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்குப் பின்னால் வரிசை இருந்தது, ஆனாலும் நான் ஃபோனை வைக்கவில்லை. "மல்லி, நீ பாத்து வெச்ச மருத்துவச்சி நல்லவங்கதான். நீதான் கொஞ்சம் சுமாரு."

இப்போது அக்காவுக்கு ஆறாம் மாசம். கணக்கில் இரண்டு தடவை தோற்றதோடு நிறுத்திக்கொண்ட நான், எவ்வளவு பெரிய வரிசை நின்றாலும் சரி, ஒருத்தி கூழ் கதையை ஆரம்பித்தால் அண்டாவைக் கழுவிக் கவிழ்க்கிற வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் திறக்கிறேன்.